குரங்குத் தோலுக்குள்ளே ஒரு நடிகர்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேராசிரியப் பெருமக்களே, வரவேற்புரையிலேயே இந்தத் தலைப்பின் அருமையை எடுத்துச் சொன்ன செயலாளர் அவர்களே, முன்வரிசையில் குறிப்பேடும் கையுமாக அமர்ந்திருக்கும் நாடகப் பள்ளி மாணவ மாணவியரே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் அன்பர்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் அவர்கள் மேடை நாடகத்தில் ஒப்பனைக் கலைஞராகவே வாழ்ந்தவர். ஒட்டுத்தாடியின் ஓரம் எத்தனையாவது காட்சியில் வியர்வைக்குக் கிளம்பும் என்று சொல்லக்கூடியவர். இந்தத் தலைப்புக்கு இவரைவிடப் பொருத்தமான தலைமை கிடையாது. அவருக்கு என் தனி வணக்கம்.

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது நம் பழமொழி. மாயாஜாலப் படங்களிலும் அறிவியல் புனைவுத் தொடர்களிலும் வருகிற நடிப்பைப் பற்றிப் பேச இந்த ஒரு பழமொழி போதும். அங்கே அகம் நடிகருடையது. முகமோ சிலிக்கோன், அல்லது கணினி வரைந்தது. அப்படியிருந்தும் அகம் தெரிகிறதே, எப்படித் தெரிகிறது? தெரிய வைத்தவர் யார்? அவருக்கு என்ன கிடைத்தது? இவைதான் என் கேள்விகள்.

தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்று வகுத்து, அவற்றில் ஒன்றாக மருட்கையை, அதாவது வியப்பை வைக்கிறது. அந்த வியப்பு நான்கு இடங்களில் பிறக்கும்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை காணாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. இந்த வகைப் படங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எழுதியதைப் போலவே இருக்கிறது. இந்த நான்கின் வழியே போகலாம் என்று நினைக்கிறேன். முடிவில் குரலைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலில் புதுமை. இல்லாத ஒன்றை இருப்பதாகப் பார்ப்பது. பின்னணியைப் பிறகு கணினியில் சேர்ப்பதற்காகக் கட்டிய பச்சைத் திரைக்கு, அதாவது கிரீன் மேட்டுக்கு முன்னால் நடிகரை நிறுத்தி, கம்பின் நுனியில் ஒரு டென்னிஸ் பந்தைக் காட்டி, "அதோ டிராகன்" என்பார்கள். இங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் கண். பந்து ஆறடி தூரத்தில் இருக்கிறது, கதையில் டிராகன் அறுபதடி தூரத்தில் இருக்கிறது. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது இரண்டு கருவிழிகளும் மூக்குப் பக்கம் சற்றுத் திரும்பும். தொலைவைப் பார்க்கும்போது இணையாக நிற்கும். க்ளோஸ்-அப்பில் இந்தச் சிறு வித்தியாசம் தெரிந்துவிடும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் "என்னவோ நம்ப முடியவில்லை" என்பார். அதற்குத் தேர்ந்த நடிகர் செய்வது, பந்தைத் தாண்டி அதே திசையில் தூரத்துச் சுவரில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொள்வது. இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற காட்சியில் இன்னொரு சிக்கல். ஒருவர் டிராகனின் கண்ணைப் பார்ப்பார், மற்றவர் வாயைப் பார்ப்பார். விலங்கு குறுக்கே நடந்தால் இருவர் தலையும் இரண்டு வேகத்தில் திரும்பும். யாராவது ஒருவர் கம்பைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே நடந்து போக வேண்டும், இன்னொருவர் உரக்க எண்ணிக்கை சொல்ல வேண்டும்.

2019இல் வந்த 'தி மாண்டலோரியன்' தொடரில் 20 அடி உயரத்தில், 270 பாகை வளைந்த எல்இடி சுவரைக் கட்டி, 75 அடி விட்டமுள்ள களத்தில் நடிகர்களை நிறுத்தினார்கள். பாலைவனமும் அந்திவானமும் கண்ணெதிரே தெரிகின்றன. கதாநாயகன் அணிந்த உலோகக் கவசத்தில் அவற்றின் ஒளி நிஜமாகவே படுகிறது. நடிகரின் கற்பனைச் சுமை பாதி இறங்குகிறது. ஆனால் சுவர் காட்டுவது பின்னணியைத்தான். எதிரில் நின்று பதில் பேச வேண்டிய உயிரை அது தராது. அந்தத் தொடரில் குட்டிப் பாத்திரத்துக்குப் பொம்மையையே வைத்து நடித்தார்கள். பாதுகாப்புக்குப் பொம்மை இல்லாமலும் ஒரு ஷாட் எடுத்து வைப்போம் என்று குழுவினர் முனைந்தபோது, அதில் நடித்த இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் அவர்களைக் கோழைகள் என்றே கடிந்துகொண்டார். எதிரே ஒரு முகம் வேண்டும் என்பது அவருடைய கட்சி. என் கட்சியும் அதுதான். அகத்தின் அழகு முகத்தில் தெரிய வேண்டுமானால், அந்த அகத்தைத் தூண்ட எதிரே இன்னொரு முகம் வேண்டும்.

இந்த இடத்தில் இயான் மெக்கெல்லன் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் சொன்ன பெருமை, அதாவது உருவ அளவு என்பதும் இதிலேயே அடங்கிவிடும்.

2001இலிருந்து வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் அவர் கேண்டால்ஃப் என்ற மந்திரவாதி. உடன் நடிப்பவர்கள் குள்ள உருவங்கள். உயர வித்தியாசத்தைக் காட்ட அப்போது ஓர் எளிய தந்திரம் போதுமானதாக இருந்தது. மந்திரவாதியைக் கேமராவுக்கு அருகில் உட்கார வைத்து, மற்றவரைச் சில அடி பின்னால் உட்கார வைப்பார்கள். மேசையை இரண்டு துண்டாகச் செய்து, பார்வைக்கு ஒன்றாகத் தெரியும்படி பொருத்துவார்கள். இருவரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடித்தார்கள். ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்டது. பிறகு 2012இல் 'தி ஹாபிட்' வந்தது. அது முப்பரிமாணப் படம். முப்பரிமாணத்தில் யார் முன்னால், யார் பின்னால் என்பது பளிச்சென்று தெரிந்துவிடுமல்லவா? பழைய தந்திரம் செல்லாமல் போயிற்று. என்ன செய்தார்கள்? இரண்டு செட். ஒன்றில் பதின்மூன்று குள்ளர்களாக நடிப்பவர்களும் ஹாபிட்டும் கூடி, சாப்பிட்டு, கூத்தடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் செட்டில் கேமரா எப்படி நகர்கிறதோ அதே மாதிரி, அளவை மட்டும் மாற்றி, இன்னொரு கேமரா தானாக நகரும். அந்த இரண்டாவது கேமரா எங்கே இருக்கிறது? முழுக்கப் பச்சை வண்ணம் பூசிய தனி அறையில். அங்கே இருப்பவர் ஒரே ஒருவர். தொப்பியும் நீண்ட தாடியுமாக மெக்கெல்லன். அவரைச் சுற்றிக் கம்புகளில் பதின்மூன்று பேரின் புகைப்படங்கள். யார் பேசுகிறாரோ அந்தப் படத்தின் விளக்கு எரியும். எரிகிற விளக்கைப் பார்த்து இவர் சிரிக்க வேண்டும், அதட்ட வேண்டும், பரிவு காட்ட வேண்டும்.

எழுபதைத் தொட்டவர் அவர். ஷேக்ஸ்பியர் மேடையில் அரை நூற்றாண்டு நின்றவர். அந்த அறையில் உடைந்து அழுதுவிட்டார். நான் நடிகனானது இதற்கல்ல என்று தனக்குள் புலம்பியிருக்கிறார். உடையில் இருந்த மைக் திறந்திருந்தது. எல்லோர் காதிலும் அது விழுந்துவிட்டது. படக்குழுவினர் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் ஓய்வெடுக்கும் கூடாரத்தை முந்தைய படங்களின் பொருள்களால் அலங்கரித்து, அவரைப் போற்றும் நாளாகவே அதைக் கொண்டாடினார்கள். அவர் மீண்டும் வந்து நடித்தார். படத்தில் அந்த விருந்துக் காட்சியைப் பாருங்கள். பதின்மூன்று பேருக்கு நடுவில் பெரியவர் ஒருவர் பரிவோடு அமர்ந்திருப்பதுதான் தெரியும். விளக்கைப் பார்த்த கண் என்று யாராவது சொல்ல முடியுமா? அகத்தின் அழகு முகத்தில் தெரிந்தது. ஆனால் அகம் பட்ட பாடு தெரியவில்லை.

இனி ஆக்கம், ஒன்று இன்னொன்றாக மாறுவது. தலைவர் அவர்களுக்குப் பிடித்த ஒப்பனையிலிருந்து தொடங்குகிறேன். ப்ராஸ்தெடிக் மேக்கப்பில், அதாவது முகத்தில் சிலிக்கோன் துண்டுகளை ஒட்டி உருவத்தையே மாற்றும் ஒப்பனையில், அந்தத் துண்டின் விளிம்பு காகிதத்தைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். வாயோரமும் கண்ணோரமும்தான் முதலில் கிளம்பும், ஏனென்றால் தசை அதிகம் அசைவது அங்கேதான். அடியில் நடிகர் புருவத்தை வழக்கம்போல உயர்த்தினால் வெளியே பாதிகூட வராது. கூட்டி உயர்த்தினால் மடிப்பு தவறான இடத்தில் விழும். எந்த அளவு அசைத்தால் எவ்வளவு தெரிகிறது என்று கண்ணாடி முன் உட்கார்ந்து பழக வேண்டும். 2017இல் வந்த 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' படத்தில் நீர்வாழ் மனிதனாக டக் ஜோன்ஸ் நடித்தார். அவர் கழுத்துச் செவுள்களை வெளியே ஒருவர் தொலைவிலிருந்து இயக்குவார். இவர் மூச்சுக்கும் அந்தச் செவுளுக்கும் தாளம் தப்பினால் உயிர் போய்விடும், பொம்மை ஆகிவிடும். அந்தப் படம் ஆஸ்காரில் சிறந்த படமானது. கதாநாயகிக்கு நடிப்புப் பரிந்துரை கிடைத்தது. அவர் காதலித்த உயிராக நடித்தவருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது மோஷன் கேப்சர், அதாவது நடிகரின் உடல், முக அசைவுகளைப் பதிவு செய்து கணினி உருவத்துக்கு ஏற்றுவது. இதைப் பலர் "கணினி செய்தது" என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். வேலை எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். முதலில் நடிகர் தனியாக உட்கார்ந்து முகத்தின் ஒவ்வொரு தசையையும் தனித்தனியே அசைத்துக் காட்ட வேண்டும்: ஒரு புருவம் மட்டும், மேலுதடு மட்டும், ஒரு கன்னம் மட்டும். அதை வைத்துத்தான் கணினி முகம் உருவாகும். படப்பிடிப்பு நாளில் முகத்தில் புள்ளி வைப்பார்கள். நேற்று வைத்த இடத்திலேயே இன்றும் வைக்க வேண்டும் என்பதற்காக, நடிகரின் முக அச்சில் செய்த துளையிட்ட முகமூடியை வைத்துக் குறிப்பார்கள். புள்ளி சற்று நகர்ந்தால் புன்னகை இளிப்பாகிவிடும். தலைக்கவசத்திலிருந்து ஒரு கம்பி நீண்டு முகத்துக்கு எதிரே கேமராவைத் தாங்கும். கட்டிப்பிடிக்கும் காட்சியில் அந்தக் கம்பிதான் முதலில் முட்டும். அணைப்பில், அசைவைப் பதிவு செய்ய உடையில் ஒட்டிய குறிகள் மறைந்து, ஒருவர் முழங்கை இன்னொருவருடையது என்று கணினி குழம்பும். கவசம் ஆடிவிடுமோ என்ற பயத்தில் புதிய நடிகர்கள் கழுத்தை விறைத்துக்கொள்வார்கள். அந்த விறைப்பு அப்படியே திரையில் வரும் குரங்கின் கழுத்திலும் வரும். 2024இல் வந்த 'கிங்டம் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தில் ஓவன் டீக் நடித்த நோவா என்ற குரங்கைக் கவனியுங்கள். முதுகெலும்பிலிருந்து தொடங்குகிற நடிப்பு அது.

'அவதார்: தி வே ஆஃப் வாட்டர்' 2022இல் இதைத் தண்ணீருக்குள் கொண்டுபோனது. மூச்சுக் கருவி மாட்ட முடியாது, குமிழிகள் எல்லாம் குறிகளைப் போல மின்னி கேமராக்களைக் குழப்பும். தண்ணீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும் என்பதால், குறிகளைப் பதிவு செய்ய நீருக்கு மேலே அகச்சிவப்பு, நீருக்குள்ளே புற ஊதா. மேற்பரப்பில் சிறு வெள்ளைப் பந்துகளை மிதக்கவிட்டார்கள், மேல்விளக்கின் ஒளி உள்ளே சிதறாமல் இருக்க. நடிகர்கள் மூச்சடக்கப் பயின்றார்கள். கேட் வின்ஸ்லெட் பயிற்சியில் 7 நிமிடத்துக்கும் மேல் அடக்கினார் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். அந்த எண் பெரியதுதான். அதைவிடப் பெரியது, மூச்சை அடக்கியபடியே கன்னம் உப்பாமல், கண் இடுங்காமல், நிம்மதியான முகத்தைக் காட்டியது. எழுபதை ஒட்டிய சிகர்னி வீவர் அதில் 14 வயதுப் பெண்ணாக நடித்தார். முதுமையை மறைக்க அவருக்குக் கணினி உதவியிருக்கலாம். பதின்ம வயதின் வெட்கத்தையும் முரண்டையும் எந்தக் கணினி தரும்? அகத்தின் அழகு முகத்தில் தெரியும், ஐயா!

ஆக்கத்துக்கு ஒப்பனையே தேவையில்லை என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 'செவரன்ஸ்' தொடரில் பிரிட் லோவருக்கு ஒரே முகத்தில் இரண்டு ஆட்கள். இரண்டாம் பருவத்தில் ஒருத்தி மற்றவளாக நடிக்கிறாள். அதாவது நடிப்புக்குள் நடிப்பு, அதுவும் சற்றுத் தப்பாக நடிக்க வேண்டும், பார்ப்பவருக்குச் சந்தேகம் மட்டும் வர வேண்டும். 2025இல் அவருக்கும் உடன் நடித்த ட்ராமல் டில்மனுக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மி கிடைத்தது. 2023இல் மிஷெல் யோவுக்கும் 2024இல் எம்மா ஸ்டோனுக்கும் இவ்வகைப் படங்களுக்காகவே ஆஸ்கார் கிடைத்தது. மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இவர்கள் நால்வருக்கும் ஒற்றுமை என்ன? நால்வர் முகமும் நமக்குத் தெரிந்தது. ஸோயி சல்டானா 2009, 2022, 2025 என மூன்று அவதார் படங்களில் மோஷன் கேப்சர் வழியே நெய்திரி என்ற நாயகியாக வாழ்ந்தார். அதற்கு ஆஸ்கார் பரிந்துரைகூட இல்லை. சொந்த முகத்தோடு வேறொரு படத்தில் நடித்ததும் 2025இல் விருது வந்தது. ஆண்டி செர்கிஸ் நடித்த சீசர் என்ற குரங்குக்காக 2011இல் படநிறுவனமே பரிந்துரைக்கப் பாடுபட்டது, பலன் இல்லை. மோஷன் கேப்சர் தன்னளவில் அனிமேஷன் ஆகாது என்று 2010இல் ஆஸ்கார் அகாதெமி தன் விதியில் எழுதியது. அனிமேஷனும் இல்லை, நடிப்பாகவும் மதிக்க மாட்டோம் என்றால் அது என்ன?

அனிமேட்டர்களின் உழைப்பை நான் குறைக்கவில்லை. மனித உதடு அசைந்ததைக் குரங்கின் நீண்ட முகவாய்க்கு மாற்ற ஒவ்வொரு ஷாட்டிலும் கைவேலை இருக்கிறது. அவர்கள் பெயரும் வரட்டும். நான் கேட்பது பெயரை. மாண்டலோரியனின் கவசத்துக்குள் பெரும்பாலும் நடந்தவர்கள் பிரெண்டன் வெய்னும் லதீஃப் க்ரௌடரும். மூன்றாம் பருவத்தில்தான் அவர்கள் பெயர் குரல் கொடுத்த பெட்ரோ பாஸ்கலுக்கு அடுத்து வந்தது. அதைச் செய்ய ஒரு வரி எழுத்துதான் செலவு. 2024இல் 'ஏலியன்: ரோமுலஸ்' படத்தில் மறைந்த நடிகர் இயான் ஹோமின் முகம் வந்தது. அதற்கு நடிப்பும் குரலும் தந்தவர் டேனியல் பெட்ஸ். இந்த அரங்கில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? 2023இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து, கணினி நகலுக்கு நடிகரின் சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தது. ஊதியத்துக்கு வழி பிறந்தது, பெருமைக்குப் பிறக்கவில்லை. சண்டைக் கலைக்கு ஆஸ்காரில் தனிப்பிரிவு வரப்போகிறது, 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து. அதற்கு இடம் இருந்தால் இதற்கும் இருக்கும்.

தலைவர் அவர்கள் இரண்டாம் முறையாகச் சீட்டு அனுப்பியிருக்கிறார். சிறுமை பற்றியும் குரல் பற்றியும் பேச நேரம் இல்லை. 'நோஸ்ஃபெராட்டு' என்ற ரத்தக் காட்டேரிப் படத்துக்காக நடிகர் பில் ஸ்கார்ஸ்கார்ட் ஓர் ஆபரா (இசை நாடக) பாடகியிடம் பயின்று தன் குரலைக் கீழே இறக்கினார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். மாணவர்கள் தேடிப் படியுங்கள்.

விமர்சனம் எழுதும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். குரங்கு நன்றாக இருந்தது, பூதம் மிரட்டியது என்று எழுதினால், அடைப்புக்குறிக்குள் அந்த நடிகர் பெயரையும் எழுதுங்கள். தேர்வுக் குழுக்களில் இருப்பவர்கள், மோஷன் கேப்சர் நடிப்பு என்றால் நடிகர் புள்ளி வைத்த முகத்தோடு நடித்த மூலப் பதிவையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அகத்தின் அழகு எந்த முகத்தில் தெரிகிறது என்று அப்போது உங்களுக்கே விளங்கும்.

இன்னும் சில நிமிடங்களில் இங்கே திரையிடல் தொடங்குகிறது. அரங்கப் பொறுப்பாளர் அவர்களே, படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடாதீர்கள். கடைசிப் பெயர் மேலே ஏறி மறையும்வரை அரங்கு இருட்டாகவே இருக்கட்டும். நன்றி, வணக்கம்.