டைட்டானிக் பட்டியலும் கை-வர்க்கச் சோதனையும்

நேயர்களுக்கு வணக்கம். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியதும் பிரிட்டனில் விசாரணை நடந்தது. எந்த வகுப்பில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று அப்போது திரட்டிய பட்டியலை இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் வைத்துப் பாடம் நடத்துகிறோம். மொத்தம் 2,201 பேர், பிழைத்தவர்கள் 711.

வகுப்புக்கும் உயிர் பிழைத்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் எல்லா வகுப்பிலும் நூற்றுக்கு 32 பேர்தான் பிழைத்திருக்க வேண்டும். முதல் வகுப்பின் 325 பேரில் அது 105 வரும், ஆனால் பிழைத்தவர்கள் 203. மூன்றாம் வகுப்பின் 706 பேரில் 228 வர வேண்டும், வந்தது 178. இப்படிப் பட்டியலின் ஒவ்வொரு கட்டத்திலும், அதாவது ஒவ்வொரு பிரிவிலும் பிழைத்தவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் தனித்தனியாக, வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டினால் கிடைப்பதுதான் 1900-இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் தந்த கை-வர்க்கம் (chi-square; ‘கை’ என்பது ஒரு கிரேக்க எழுத்து). இங்கே அது 190. கப்பல் ஊழியர்களையும் சேர்த்து நான்கு பிரிவு உள்ள இந்தப் பட்டியலில் 7.8-ஐத் தாண்டினாலே தற்செயல் என்று சொல்லத் தயங்குவோம்.

சரி, சம்பந்தம் உண்டு. பலர் இங்கேயே எழுந்துபோய்விடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். எங்கே சம்பந்தம் என்று அந்த 190 சொல்லாது. கட்டம் கட்டமாகப் பார்த்தால்தான் அதில் 135 முதல் வகுப்பிலிருந்து மட்டுமே வருவது தெரியும்.

அப்புறம் இன்னொன்று. மூன்றாம் வகுப்பில் பிழைத்தவர்கள் நூற்றுக்கு 25, ஊழியர்களில் 24. இரண்டு தரப்புக்கும் ஒரே கதிதான் என்று தோன்றும். பெரியவர்களை மட்டும் எடுத்து ஆண், பெண் என்று பிரித்துப் பாருங்கள்: மூன்றாம் வகுப்புப் பெண்கள் 165 பேரில் 76 பேர் பிழைத்தார்கள், ஊழியப் பெண்கள் 23 பேரில் 20 பேர், ஆண்களில் மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கு 16, ஊழியர்களில் 22. இரண்டு பக்கமும் ஊழியர்களே மேல், ஆனால் அவர்களில் 862 பேர் ஆண்கள் என்பதால், பெண்களை முதலில் படகில் ஏற்றிய அந்த இரவில் மொத்தக் கணக்கு கீழே இறங்கிவிட்டது. பிரிக்காமல் கூட்டிய பட்டியலை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொருவரின் கதியும் தனித்தனி என்று இந்தச் சோதனை எடுத்துக்கொள்கிறது, ஆனால் தாயும் பிள்ளையும் சேர்ந்தேதான் படகில் ஏறுவார்கள். 190 போன்ற எண்ணை அது அசைக்காது, எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணை அசைத்துவிடும்.

அந்த 23 ஊழியப் பெண்களை முதல் வகுப்பின் 144 பெண்களோடு ஒப்பிட நினைத்தால் கை-வர்க்கத்தை எடுக்காதீர்கள். இறந்தவர்கள் 3 பேரும் 4 பேரும்தான், இறந்த ஊழியப் பெண்களின் கட்டத்தில் எதிர்பார்க்கும் எண் 1 கூட வராது, அந்த எண் 5-க்குக் கீழே போனாலே கை-வர்க்கம் தரும் விடை தோராயமாகிவிடும் என்பது பழைய வழக்கம். அங்கே ரொனால்டு ஃபிஷரின் துல்லியச் சோதனைதான் சரி. அந்த 7 இறப்புகளும் இரண்டு தரப்புக்கும் எத்தனை விதமாகப் பங்கிட்டு விழுந்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாக எண்ணியே அது விடை சொல்கிறது.