யார் காசில் வருகிறது அந்தத் தீயணைப்பு வண்டி?

வணக்கம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் அமெரிக்காவில் சியாட்டில் நகருக்குப் பக்கத்து ஊர்களான பெல்வியூ, ரெட்மண்ட், கிர்க்லாந்து பக்கம் வீடு வாங்கியவர்கள். உங்கள் சொத்து வரி விவரத்தை ஒருநாள் நிதானமாகப் பாருங்கள். பள்ளிக்கும் நூலகத்துக்கும் போகிற பணத்துக்கு நடுவே அவசர மருத்துவச் சேவைக்கென்று ஒரு தொகை இருக்கும். 2020இல் அது ஆயிரம் டாலர் மதிப்புக்கு 26.5 சென்ட், அதாவது பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு வருஷம் 265 டாலர். "எங்கள் ஊரில் வீட்டு விலை அதிகம், அதனால் அதிகமாகக் கட்டுகிறோம், அந்தக் காசில் டுவால் மாதிரி சின்ன ஊரில் இருக்கிறவருக்கு எதற்கு வண்டி ஓட வேண்டும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குத்தான் இன்று பதில் சொல்லப் பார்க்கிறேன்.

தமிழ்நாட்டில் தீ என்றால் 101, ஆம்புலன்ஸ் என்றால் 108. இங்கே 911ஐ அழைத்து நெஞ்சு வலி என்றாலும் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது தீயணைப்பு வண்டி. இது 1970இல் சியாட்டிலில் ஆரம்பித்தது. டாக்டர் லெனார்ட் காப், தீயணைப்புத் தலைவர் கோர்டன் விக்கரி இருவரும் சேர்ந்து, ஹார்பர்வியூ மருத்துவமனையில் தீயணைப்பு வீரர்களுக்கே இதய சிகிச்சைப் பயிற்சி கொடுத்து வண்டியில் ஏற்றினார்கள். சில வருஷத்திலேயே பணத்துக்குத் திண்டாட்டம், பொதுமக்களிடம் நன்கொடை கேட்கும் நிலை. அப்புறம் 1979இல் சியாட்டிலும் நம் ஊர்களும் அடங்கிய கிங் கவுண்டி என்ற மாவட்டம் முழுவதற்கும் பொதுவாக ஒரு வரி போட வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

சரி, ஏன் பொதுவாக? இதயம் நின்றுவிட்டால், யாரும் நெஞ்சை அழுத்தாமல் மின் அதிர்ச்சியும் கொடுக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ரெட்மண்டில் குடியிருப்பவர் டுவால் சாலையில் கார் ஓட்டும்போதும் மயங்கி விழலாம், அங்கே முதலில் வருவது அந்த ஊர் வண்டிதான், அதில் அதிர்ச்சிக் கருவி இருக்கிறதா, பேட்டரி நன்றாக இருக்கிறதா என்பதுதான் அப்போது உங்கள் உயிர்ப் பிரச்சினை.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. முதலில் வந்தவர்கள் நோயாளியின் மார்பில் ஒட்டிய, மின் அதிர்ச்சி செலுத்தும் பேடின் இணைப்பு, பின்னால் வரும் பாராமெடிக்கின், அதாவது கூடுதல் சிகிச்சைப் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ ஊழியரின், மானிட்டருக்கும் பொருந்தினால், வயரைக் கழற்றி மாட்டினால் போதும். பொருந்தவில்லை என்றால் பிய்த்து எடுத்து வேறு பேட் ஒட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் தனித்தனியாகக் கருவி வாங்கினால் இந்த மாதிரிக் கூத்தெல்லாம் நடக்கும்.

ஆனால் எல்லாம் ஒரே உண்டியல் என்று நினைத்துவிடாதீர்கள். பாராமெடிக் சேவைக்குத்தான் பணத்தின் பெரும்பங்கு. உள்ளூர்த் தீயணைப்புத் துறைகளுக்குக் கிடைப்பது செலவில் ஒரு பகுதிதான், மீதியை அந்தந்த ஊரே போட வேண்டும். அந்தப் பங்கையும் எத்தனை அழைப்பு வருகிறது, சொத்து மதிப்பு எவ்வளவு என்று இரண்டையும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். சியாட்டில் இந்தக் கணக்கிலேயே வராது. அந்த நகருக்குள் வசூலாகும் பணம் அந்த நகருக்கே போகிறது. பெரியண்ணன் தனிக்குடித்தனம் போன கதை! எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் அந்த ஒப்பந்தம் இல்லாமல் அவர்களைச் சேர்த்து வைத்திருக்க முடிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

இந்த வரி போக, அமெரிக்க மத்திய அரசின் தீயணைப்பு வீரர் உதவி மானியம் 2001இலிருந்து இருக்கிறது. அதற்குப் பல ஊர்கள் சேர்ந்து ஒரே விண்ணப்பம் போடலாம், ஓர் ஊர் முன்நின்று கணக்கு வைக்கும். ஊர்கள் கையிலிருந்தும் ஒரு பங்கு போட வேண்டும். ஆனால் அது ஒருமுறை வாங்கக் கிடைக்கும் காசு. ஐந்தாறு வருஷம் கழித்து பேட்டரி போய், மாடல் பழசாகி நிற்கும்போது உள்ளூர் வரிதான் கைகொடுக்க வேண்டும்.

இந்த அவசர மருத்துவ வரியை வாக்குச்சீட்டில் வைக்கவே, 50,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களில் நான்கில் மூன்று பங்காவது ஒப்புதல் தர வேண்டும். ஆகவே உங்கள் நகர சபையில் இது பேசப்படும். கூட்டம் எல்லாருக்கும் திறந்ததுதான். போய், நம் ஊர் வண்டியில் இருக்கும் கருவியும் பக்கத்து ஊர்க் கருவியும் ஒன்றோடொன்று பொருந்துமா என்று முதலில் கேளுங்கள், பங்கீட்டுச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இப்போது உங்கள் கேள்விகள்.