எந்தக் கம்பியின் எண் இது?

வணக்கம் நேயர்களே. செல்போன் மூலையில் பேட்டரி 43 சதவீதம் என்று தெரிகிறது, வீட்டு இன்வெர்ட்டரில் வோல்டேஜ் ஓடுகிறது, காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் 99.2 என்கிறது. இதற்கெல்லாம் பின்னால் ஏடிசி, அதாவது அனலாக்-டு-டிஜிட்டல் கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. கம்பியில் ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது அதன் வேலை. தனிச் சிப்பாகவும் வரும், வேறொரு சிப்புக்குள்ளேயும் இருக்கும். நான் பேச வந்தது அந்தச் சிப்பைப் பற்றி அல்ல. அதனிடம் இருந்து எண்ணை வாங்கி மேலே இருக்கும் நிரல்களுக்குத் தருகிற டிரைவர் என்கிற சிறு நிரலைப் பற்றி, அதுவும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள் இருக்கும் டிரைவரைப் பற்றி. பல வருடமாக என் மனதுக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

லினக்ஸில் இந்த மாதிரிச் சிப்புகளுக்கென்றே ஐஐஓ, அதாவது இண்டஸ்ட்ரியல் ஐ/ஓ என்று ஒரு பகுதி இருக்கிறது. ஜொனதன் கேமரன் தொடங்கியது, 2009-இல் கர்னலுக்குள் வந்தது. அதன் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். டிரைவர் ஒவ்வொரு சானலுக்கும், அதாவது சிப்புக்குள் வரும் ஒவ்வொரு கம்பிக்கும், இரண்டு கோப்பு மாதிரி வைக்கும், ஒன்றில் சிப் தந்த எண் அப்படியே, இன்னொன்றில் அதை எதால் பெருக்க வேண்டும் என்கிற ஸ்கேல். பெருக்கினால் மில்லிவோல்ட் கிடைக்கும். எந்தக் கம்பெனிச் சிப்பானாலும் மில்லிவோல்ட்தான், அதனால் மேலே இருக்கும் நிரலுக்குச் சிப் மாறியதே தெரிய வேண்டியதில்லை.

ராஸ்பெரி பை என்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில் நாம் கம்பி மாட்டுகிற பின்களில் ஏடிசி கிடையாது, அதனால் நிறையப் பேர் எம்சிபி 3008 என்கிற ஏடிசி சிப்பை வாங்கி மாட்டுவார்கள். அது 10 பிட், அதாவது 0 முதல் 1023 வரை எண் தரும். 3.3 வோல்ட் கொடுத்தால் ஒரு படிக்கு ஏறக்குறைய 3.22 மில்லிவோல்ட். இதில் ஒன்று கவனியுங்கள், கர்னலுக்குள் தசமக் கணக்கு போடுவது வழக்கமில்லை. அதனால் டிரைவர் வகுத்துப் பார்க்காமல் "3300, 10 பிட்" என்று இரண்டு முழு எண்ணாகவே திருப்பித் தருகிறது, வகுத்து எழுதும் வேலையை ஐஐஓ பார்த்துக்கொள்ளும். அந்த 3300-ஐ டிரைவருக்குள் நிரந்தரமாக எழுதி வைக்கவும் கூடாது. போர்டில் உண்மையில் எத்தனை வோல்ட் கொடுத்திருக்கிறார்கள் என்று மின்சப்ளையைக் கவனிக்கும் கர்னலின் ரெகுலேட்டர் பகுதியைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

சரி, எனக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எண் சரியா என்பதற்கு முன்னால், அது எந்தக் கம்பியின் எண் என்பதற்கு டிரைவர் பொறுப்பு.

தெரிந்த தம்பி ஒருவன் ஏடிஎஸ் 1115 என்கிற சிப்பை வைத்து, ஒரு சானலில் தண்ணீர்த் தொட்டியின் மட்டம், இன்னொன்றில் சோலார் பேட்டரி என்று நிமிடத்துக்கு ஒரு முறை படிக்கிற மாதிரி செய்திருந்தான். டிரைவரும் அவனே எழுதியது. நிறைந்து நின்ற தொட்டி திடீரென்று பாதி என்று காட்டும், அடுத்த நிமிடம் நிறைந்துவிடும். சென்சாரை மாற்றினான், வயரை மாற்றினான், புதுச் சிப்பும் வாங்கிவிட்டான். அப்புறம் உட்கார்ந்து நிரலைப் பார்த்தோம். அந்தச் சிப்புக்கு உள்ளே ஒரே ஒரு ஏடிசிதான், நான்கு கம்பிக்கும் அதுவேதான் மாறி மாறி வேலை செய்கிறது. சாதாரணமாக நொடிக்கு 128 தடவை அளக்கும், ஒரு அளவுக்கு 7.8 மில்லிசெகண்ட். தம்பி சானலை மாற்றிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று 12 மில்லிசெகண்ட் காத்திருந்தான். போதும் என்றுதான் தோன்றும், ஆனால் தொடர்ந்து அளக்கும் முறையில் இருக்கும்போது சானலை மாற்றினால் அந்தச் சிப் கையில் இருக்கும் பழைய அளவை முடித்துவிட்டுத்தான் புதியதைத் தொடங்கும். பழையது அப்போதுதான் தொடங்கியிருந்தால், 12 மில்லிசெகண்டில் கையில் கிடைப்பது பழைய கம்பியின் எண். பழையது முடியும் தறுவாயில் இருந்தால் சரியான எண். அதனால்தான் சிலசமயம் சரி, சிலசமயம் தப்பு. எலக்ட்ரானிக் தராசில் தக்காளியை எடுத்துவிட்டு வெங்காயத்தை வைத்தவுடன், திரையில் இன்னும் நிற்கும் தக்காளி எடைக்குக் காசு கேட்கிற மாதிரி.

கர்னலில் இருக்கும் ஏடிஎஸ் 1115 டிரைவரைத் திறந்து பாருங்கள். சானல் மாறினால் பழைய அளவுக்கு ஒரு நேரம், புதிய அளவுக்கு ஒரு நேரம், இரண்டையும் கூட்டி, அதற்கு மேல் பத்து சதவீதம் சேர்த்துக் காத்திருக்கிறது. ஏன் பத்து? சிப்பின் உள் கடிகாரமே பத்து சதவீதம் முன்பின் ஓடலாம் என்று சிப் கம்பெனி தரும் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டில் இருக்கிறது. மொத்தம் 17 மில்லிசெகண்ட் சொச்சம். அந்த இரண்டு மூன்று வரியை எழுதியவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

மறுபடியும் சொல்கிறேன், எந்தக் கம்பியின் எண் என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் கேட்டாலும் இதே சிக்கல் வரும். ஒன்று சானலை மாற்றிக் காத்திருக்கும்போது இன்னொன்று வந்து மாற்றிவிட்டால்? அதனால் சானலை மாற்றுவது, காத்திருப்பது, படிப்பது எல்லாம் ஒரே பூட்டுக்குள், அதாவது ஒன்று முடியும்வரை இன்னொன்று நுழைய முடியாதபடி, நடக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. எண்களைச் சேர்த்து வைத்து வேகமாகத் தொடர்ந்து படிக்கும் பஃபர் முறையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 16 பிட் சானல் மூன்று என்றால் 6 பைட், அதன்பின் வரும் நேரக் குறிப்பு 8 பைட் தாண்டித்தான் தொடங்கும், நடுவில் 2 பைட் காலி. அந்தக் காலி இடத்தைப் பூஜ்யமாக்காமல் அனுப்பினால் கர்னல் நினைவகத்தில் கிடந்த ஏதோ ஒன்று வெளியே போய்விடும். 2020-இல் வரிசையாகப் பல டிரைவர்களில் இதைத் தேடித் தேடித் திருத்தினார்கள். நீங்கள் டிரைவர் எழுதுகிறவராக இருந்தால் இன்றைக்கே உங்களுடையதில் அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.