எந்த முனியசாமி?

நடுவர் ஐயாவுக்கும் தங்கச்சிமடத்து மக்களுக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வருகிறேன். விமானங்களுக்கு வழிகாட்டும் நிறுவனம் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தால் சேவை வளருமா, தேயுமா? வளரும் என்பது எங்கள் அணி.

எதிரணி அக்கா என்ன சொன்னார்? "கட்டணத்தில் கை வைத்தால் கணினியும் படுத்துவிடும், 2023இல் பிரிட்டனில் பார்த்தோமே!" நீங்களும் கைதட்டினீர்கள். அக்கா, படுத்தது உண்மை. ஏன் படுத்தது என்று சொல்லாமலே போய் உட்கார்ந்துவிட்டீர்களே!

நான் சொல்கிறேன். ஆகஸ்ட் 28. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸ் போகும் ஒரு விமானத்தின் பயணத் திட்டம் பிரிட்டன் கணினிக்கு வருகிறது. அதில் டி.வி.எல். என்று, வழியில் வரும் ஓர் இடத்தின் குறியீடு. பிரான்சில் தோவில் என்ற ஊருக்கும் அதுதான், அமெரிக்காவில் டெவில்ஸ் லேக்குக்கும் அதுதான். நம் தெருவில் "முனியசாமி" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். "உன்னையில்லப்பா, ஐஸ் கம்பெனி முனியசாமி" என்போம், முடிந்தது. கணினிக்கு அந்த விவரம் பத்தவில்லை. எந்த முனியசாமி என்று திகைத்து வேலையை நிறுத்திவிட்டது. சரி, மாற்றுக் கணினி ஒன்று இருக்கிறதே? அதுவும் எழுந்தது, அதே திட்டத்தைப் படித்தது, "எந்த முனியசாமி?" அதுவும் படுத்தது. எல்லாம் 20 விநாடிக்குள்! அன்றைக்கு அங்கே பொது விடுமுறை வேறு. பொறியாளர் வீட்டில். அவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம். 7 லட்சம் பயணிகளுக்கு மேல் அல்லாடினார்கள்.

இதில் உச்சவரம்பு எங்கே வந்தது அக்கா? ஏன் இப்படி ஆனது என்று குழு போட்டு விசாரித்ததே, கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கும் பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம்தான்!

அப்புறம், ஒரு நாட்டு வானத்தில் பறக்கும் விமானி வேறு நிறுவனத்திடம் வழி கேட்க முடியுமா? முடியாது. போட்டி இல்லாத இடத்தில் உச்சவரம்புதானே காவல்! ஐரோப்பாவில் பல நாடுகளில் முன்பெல்லாம் ஆன செலவு முழுவதையும் விமானங்களின் தலையில் கட்டினார்கள். 2012 முதல் தாமதம், சுற்றுச்சூழல், செலவு மூன்றுக்கும், 2015 முதல் பாதுகாப்புக்கும் சேர்த்து நான்குக்கும் இலக்கு வைத்தார்கள். விலையை மட்டும் நசுக்கினால் ஆள் குறையும் என்றார் அக்கா. நியாயம். அதனால்தான் நான்கு.

கணக்கை விடுங்கள். கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு உண்டா? "வாப்பா மவுத்" என்று போன் வருகிறது. கிடைத்த விமானத்தில் ஏறுகிறான். மதுரையில் இறங்கி, கார் பிடித்து, அடக்கத்துக்கு முன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் எடுத்த டிக்கெட்டில் விமானத்துக்கு வழிகாட்டும் கட்டணமும் இருக்கிறது நடுவர் ஐயா! வானத்தில் ஒரு மணி நேரம் தாமதமானால், ஏன் என்று அவனுக்காகக் கேட்க ஓர் ஆள் வேண்டுமா, வேண்டாமா? அந்தப் பிள்ளையை நினைத்துத் தீர்ப்பு எழுதுங்கள்.