எக்ஸ் போட்ட வீடுகள்

நேயர்களுக்கு வணக்கம். போலியோ சொட்டு மருந்து என்றதும் ஞாயிற்றுக்கிழமை முகாமும் பிள்ளையின் இடதுகைச் சுண்டுவிரலில் வைக்கும் மையும் உங்கள் நினைவுக்கு வரும். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் முகாமோடு வேலை முடியவில்லை. மறுநாள் முதல் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தாயிற்று என்றால் கதவில் சாக்பீஸால் ‘பி’. ஒரு பிள்ளை விடுபட்டாலும் ‘எக்ஸ்’.

மருந்து வேண்டாம் என்ற தாய்மாரை அறியாமையில் கிடப்பவர்கள் என்று எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்தத் தாய்மார் கேட்டது இதுதான்: வாசலில் சாக்கடை தேங்கி நிற்கிறது, எட்டிப் பார்க்க ஆளில்லை. பிள்ளைக்குப் பேதி கண்டால் மருந்து கிடையாது. இந்த இரண்டு சொட்டை மட்டும் மாதாமாதம் வீடு தேடி வந்து தருகிறீர்களே, ஏன்? நெருக்கடி நிலையின்போது, 1976இல், கட்டாயக் கருத்தடை நடந்த மண் அது. இது மலடாக்கும் மருந்து என்ற வதந்தி அங்கே பரவியதில் வியப்பென்ன?

ஏன் திரும்பத் திரும்ப என்ற கேள்விக்கு அந்தச் சாக்கடையிலேயே பதில் இருந்தது. பேதியும் நெரிசலும் மிகுந்த இடத்தில் சொட்டு மருந்து குடலில் சரியாகப் பிடிப்பதில்லை. மூன்று தவணை போதாது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று தவணை போதவில்லை என்று வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜான் எழுபதுகளிலேயே எடுத்துச் சொன்னார். அதாவது, சாக்கடையைச் சரிசெய் என்ற தாயும் மருத்துவரும் பேசியது ஒரே விஷயத்தை. மீண்டும் சொல்கிறேன், ஒரே விஷயத்தை.

2009இல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ, உலகக் கணக்கில் கிட்டத்தட்டப் பாதி. அதன் பிறகுதான் நோய் விடாத 107 வட்டாரங்களில் சொட்டு மருந்தோடு பேதிக்கான துத்தநாக மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல், கழிப்பறை, கைகழுவுதல் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாம்கள் அழைத்தார்கள். அந்தந்தத் தெருப் பெண்களே கதவைத் தட்டினார்கள். 2010இல், அப்போது எஞ்சியிருந்த இருவகைப் போலியோ வைரஸையும் தடுக்கும் புதிய மருந்தும் வந்தது. எக்ஸ் போட்ட வீடுகள் குறைந்தன.

பீகாரின் கோசி ஆற்றுப்படுகையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன்: ஐஸ் பெட்டியோடு படகிலும் நடையிலும் போனார்கள். மருந்துக் குப்பியின் லேபிளில் ஒரு வட்டம், அதனுள் வெளிர்நிறச் சதுரம் இருக்கும். சூடு பட்டுச் சதுரமும் வட்டமும் ஒரே நிறமானால் அந்தக் குப்பி கழிவு.

இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால், 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹவுராவில் ஒரு சிறுமிக்கு வந்ததே கடைசி. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வைரஸ் இன்னும் இருக்கிறது. அடுத்த முகாமுக்கு உங்கள் பிள்ளையை அழைத்துப் போகும்போது, இடம்பெயர்ந்துகொண்டே இருப்பதால் மருந்து விடுபட்டுப்போகும் பக்கத்துச் செங்கல் சூளைப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். நன்றி, வணக்கம்.