படை திரும்பும் தேதியும் வாக்குப்பதிவுத் தேதியும்

பேரவைத் தலைவர் அவர்களே, இந்த அமர்வுக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, எனக்கு முன்னால் அகதிகள் சட்டம் குறித்து அருமையாக உரையாற்றிய பேராசிரியர் அம்மையார் அவர்களே, சீருடையைக் கழற்றி வைத்த பிறகும் அதே மிடுக்கோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் முன்னாள் படைவீரர்களே, கையெழுத்துத் தாள்களோடு வாசலில் நிற்கும் இளைஞர் அணித் தோழர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நீதியரசர் அவர்கள் வேறொரு நிகழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அதற்குப் பேரவையின் சார்பில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பேராசிரியர் அம்மையார் சொன்ன சில செய்திகளை நானும் தொட நேரிடும், பொறுத்தருள வேண்டும். முன்னாள் படைவீரர்கள் இந்தப் பொருளை என்னைவிட நெருங்கி அறிந்தவர்கள். எங்காவது கூடக்குறையச் சொன்னால் அவர்கள் கூட்டம் முடிந்ததும் திருத்தலாம்.

"எங்கள் படைகள் வீடு திரும்பும்" என்று ஓர் ஆட்சியாளர் அறிவிக்கும்போது மக்கள் ஏன் நம்ப மறுக்கிறார்கள்? இதைப் பற்றி நான்கு செய்திகள் சொல்ல வேண்டும். முதலாவது, தேதி. இரண்டாவது, எண்ணிக்கை. மூன்றாவது, தளவாடச் சுமை. நான்காவது, நாடாளுமன்றங்களுக்கு இதில் உள்ள அதிகாரம். நான்குக்கும் சேர்த்து நம் முன்னோர் ஒரே வரியில் சொல்லி வைத்திருக்கிறார்கள்: சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! அறிவிப்பு என்பது அகப்பை. சட்டியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதுதான் குடிமக்களின் வேலை.

தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 அக்டோபர் 26 அன்று அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிசிங்கர் செய்தியாளர்கள் முன் வந்து, வியட்நாமில் அமைதி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகச் சொன்னார். தேர்தல் நவம்பர் 7. இடையில் 12 நாள். அதிபர் நிக்சன் பெருவெற்றி பெற்றார். டிசம்பர் 18 அன்று வட வியட்நாமின் ஹனோய், ஹைபோங் நகரங்கள் மீது பி-52 விமானங்கள் குண்டு பொழியத் தொடங்கின. உடன்படிக்கை 1973 ஜனவரி 27 அன்றுதான் கையெழுத்தானது. 2020 அக்டோபர் 7 அன்று டிரம்ப் ட்விட்டரில் எழுதினார்: ஆப்கானிஸ்தானில் மிச்சமிருக்கும் வீரர்கள் கிறிஸ்துமஸுக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று. தேர்தல் நவம்பர் 3. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. ஆயிரக்கணக்கான வீரர்கள் அங்கேயே இருந்தார்கள். ஒபாமா 2009-இல் அறிவித்து ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பிய கூடுதல் படை முழுவதும் திரும்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்த மாதம் 2012 செப்டம்பர். தேர்தல் நவம்பரில். திரும்பியது உண்மைதான். ஆனால் அன்றைக்கும் அங்கே எஞ்சியிருந்தவர்கள் சுமார் 68,000 பேர். கட்சி வேறு, ஆள் வேறு. நாள்காட்டி மட்டும் ஒன்றே.

இந்த வழக்கம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. போட்டித் தேர்தலே இல்லாத இடத்திலும் இது நடக்கும். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1986 ஜூலை 28. விளாதிவஸ்தோக் நகரம். சோவியத் தலைவர் கோர்பச்சோவ் பேசுகிறார். ஆண்டு முடிவதற்குள் ஆப்கானிஸ்தானிலிருந்து ஆறு ரெஜிமென்ட்களை, அதாவது ஆறு படைப்பிரிவுகளை, திரும்ப அழைத்துக்கொள்வோம் என்கிறார். ஆறு! உலகச் செய்தித்தாள்கள் கொட்டை எழுத்தில் போட்டன. என்னென்ன ஆறு? டாங்கி ரெஜிமென்ட் ஒன்று. கவச வாகனங்களில் செல்லும் காலாட்படை ரெஜிமென்ட் இரண்டு. விமான எதிர்ப்பு ரெஜிமென்ட் மூன்று. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 8,000 பேர். அன்று அந்த நாட்டில் இருந்த சோவியத் வீரர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அக்டோபர் 11, 12 தேதிகளில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் அமெரிக்க அதிபர் ரீகனோடு உச்சி மாநாடு. அது முடிந்த கையோடு, அதே அக்டோபர் நடுவில், வெளிநாட்டு நிருபர்களை அழைத்துப்போய்க் காட்டி, வழியனுப்பு விழா நடத்திப் படைகளைக் கிளப்பினார்கள். அடுத்த மாதமே ஐ.நா. பொதுச்சபையில், ஆப்கானிஸ்தானிலிருந்து அந்நியப் படை வெளியேறக் கோரும் தீர்மானம் ஆண்டுதோறும் வருவதுபோல் வர இருந்தது. தேதிப் பொருத்தத்தைக் கவனியுங்கள்.

இப்போது சட்டிக்குள் பார்ப்போம். எதிரே போரிட்ட முஜாகிதீன்களிடம் எத்தனை விமானங்கள் இருந்தன? ஒன்றுகூட இல்லை. விமானமே இல்லாத எதிரிக்கு எதிராக விமான எதிர்ப்புப் படை மூன்று ரெஜிமென்ட்! அதைத்தான் முதலில் திரும்ப அனுப்பினார்கள். மலைப் பள்ளத்தாக்குகளில் பதுங்கித் தாக்கும் குழுக்களை விரட்ட டாங்கிப் படை அதிகம் உதவவும் இல்லை. காலாட்படை ரெஜிமென்ட்களைப் பற்றி அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் வைன்பெர்கர் வெளிப்படையாகவே குற்றம்சாட்டினார்: திரும்ப அனுப்பிக் காட்டுவதற்கென்றே புதுப் படைகளை உள்ளே கொண்டுவந்தார்கள் என்று. குற்றம் சொன்னவர் எதிர்த்தரப்பு. ஆகவே அவர் சொன்னதையும் நாம் எடை போட்டுத்தான் ஏற்க வேண்டும். ஆனால் விமான எதிர்ப்புக் கணக்கைச் சரிபார்க்க யாருடைய வாக்குமூலமும் தேவையில்லை. பட்டியலைப் படித்தாலே போதும்.

இதே கதைக்கு மறுபாதி உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மை தவறியவன் ஆவேன். 1988 ஏப்ரல் 14 அன்று ஜெனீவாவில் உடன்படிக்கை கையெழுத்தானது. படை விலக்கல் மே 15-இல் தொடங்க வேண்டும். ஆகஸ்ட் 15-க்குள் பாதிப் பேர் போயிருக்க வேண்டும். 1989 பிப்ரவரி 15-க்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. மூன்று தேதிகள் எழுத்தில். ஹைரதான், தொர்குண்டி எல்லைச் சாவடிகளில் ஐ.நா. பார்வையாளர்கள் நின்றார்கள். சொன்ன நாளிலேயே, பிப்ரவரி 15 அன்று, தளபதி குரோமோவ் ஆமு தாரியா ஆற்றுப் பாலத்தைக் கடந்தார். அதே நாடு, அதே தலைவர். விழாவில் சொன்னதும் உடன்படிக்கையில் எழுதியதும் எப்படி வேறுபட்டன பாருங்கள்! எழுதப்பட்ட இடைத்தேதி, வெளியாள் பார்வை, தவறினால் பதில் சொல்ல வேண்டிய மற்றொரு தரப்பு இவை மூன்றும் இருந்தன. சட்டியில் இருந்தது, அகப்பையில் வந்தது. சந்தேகப்படுகிறவர்களை எதையும் நம்பாதவர்கள் என்று பழிக்கிறவர்களுக்கு இதுவே என் பதில். எதைக் கண்டால் நம்பலாம் என்று மக்களுக்குத் தெரியும்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். "இத்தனை பேர் இருக்கிறார்கள்" என்று சொல்லும் எண்ணில் யார் சேர்த்தி, யார் சேர்த்தி இல்லை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒபாமா காலத்தில் ஆப்கானிஸ்தானுக்கு 8,400 என்று ஒரு வரம்பு வைத்தார்கள். 2017 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனே ஒப்புக்கொண்டது: உண்மையில் இருப்பவர்கள் சுமார் 11,000. குறுகிய காலப் பணிக்கு வந்தவர்களை வரம்புக்குள் சேர்க்காமலே இருந்தார்கள். சிரியாவில் 900 பேர் என்று சொல்லிக்கொண்டே வந்து, 2024 டிசம்பரில் ஏறத்தாழ 2,000 என்றார்கள். ஈராக்கில் 2010 ஆகஸ்ட் 31-ஆம் தேதி 'போர்ப்பணி' முடிந்தது. மறுநாளே படை நடவடிக்கைக்குப் பெயர் மாறியது. 50,000 பேர் ஆலோசனைக்கும் உதவிக்குமான படையாக அங்கேயே இருந்தார்கள்.

வரம்பை எட்ட என்ன செய்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். ஒரு ஹெலிகாப்டர் பிரிவு ஆப்கானிஸ்தானுக்குப் போகிறது. விமானிகள் போகிறார்கள், அதே பிரிவின் மெக்கானிக்குகளைத் தாய்நாட்டிலேயே விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்களும் தலைக்கணக்கில் சேருவார்கள். பழுது பார்க்கும் வேலைக்குத் தனியார் ஒப்பந்தப் பணியாளர்கள் வருகிறார்கள். அவர்கள் தலைக்கணக்கில் சேர மாட்டார்கள். செலவு கூடுகிறது. மெக்கானிக்குகளுக்குக் கைப்பழக்கம் போகிறது. இதைப் படைத் தளபதிகளே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சொல்லி வருத்தப்பட்டார்கள். அதன் மறுவிளைவு இன்னும் கொடியது. ஆப்கான் விமானப்படையின் விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்திருந்தவர்களும் ஒப்பந்தப் பணியாளர்களே. 2021-இல் வீரர்களோடு அவர்களும் கிளம்பியபோது விமானங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றன.

தளவாடச் சுமையைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. ஒன்று மட்டும். ஈராக்கிலிருந்து 2011 டிசம்பர் 18 அன்று குவைத் எல்லையைத் தாண்டிய கடைசி அணி சுமார் 110 வண்டி, 500 வீரர், பக்கத்திலேயே துறைமுகம். ஆப்கானிஸ்தானுக்குக் கடலே கிடையாது. 2011 நவம்பரில் பாகிஸ்தான் தன் எல்லை வழியை மூடியபோது, ஏழு மாதத்துக்கு மேல் நேட்டோவின் சரக்குக்கு அந்தப் பாதை இல்லை. எந்த ராணுவம் விலகுவதாகச் சொன்னாலும் எந்த வழியாக, எந்தத் துறைமுகத்தில், எந்த மாதத்தில் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் திட்டமும் இல்லை.

அவையோரே, நம் பேரவை எதற்காக இந்தக் கையெழுத்து இயக்கத்தை நடத்துகிறதோ அங்கே வந்துவிட்டேன். படை திரும்புகிறது, யாரோடு திரும்புகிறது? அந்தப் படைக்காக மொழிபெயர்த்தவர்கள், வழிகாட்டியவர்கள், வண்டி ஓட்டியவர்கள் எங்கே?

1962 மார்ச் 18 எவியான் உடன்படிக்கை. பிரான்ஸ் அல்ஜீரியாவை விட்டுக் கிளம்புகிறது. பிரெஞ்சுப் படையோடு நின்று போரிட்ட ஹர்கிகள் எனப்படும் அல்ஜீரியர்களிடமிருந்து ஆயுதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அரசின் திட்டத்துக்கு வெளியே அவர்களைப் பிரான்சுக்கு அழைத்து வரக் கூடாது என்று மே மாதம் அமைச்சர் ஜோக்ஸ் உத்தரவிட்டார். பின்தங்கியவர்களில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். பிரெஞ்சு அதிபர் மக்ரோன் ஹர்கிகளிடம் மன்னிப்புக் கேட்டது 2021 செப்டம்பரில். இடையில் 59 ஆண்டுகள்!

அதற்கு முந்தைய மாதந்தான் காபூல் விமான நிலையக் காட்சிகளை உலகமே பார்த்தது. அமெரிக்கப் படைக்கு உழைத்த ஆப்கானியர்களுக்குச் சிறப்புக் குடியேற்ற விசா தர 2009-லேயே சட்டம் வந்தது. 14 படிகள். வேலை செய்ததற்கு நிறுவனத்தின் மனிதவளத் துறைக் கடிதம் வேண்டியிருந்தது. நேரடி மேலதிகாரியான அமெரிக்கரின் பரிந்துரைக் கடிதம் வேண்டியிருந்தது. பிறகு தூதரக ஒப்புதல், குடியேற்றத் துறை மனு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்புச் சோதனை. எங்கே சிக்கும்? முதல் கடிதத்திலேயே சிக்கும். ஒப்பந்த நிறுவனம் மூடப்பட்டிருந்தால் கடிதம் தர ஆள் இல்லை. மேலதிகாரி வேலை மாறியிருந்தால் அவருடைய பழைய மின்னஞ்சல் முகவரி செயல்படாது. இதையெல்லாம் தாண்டினாலும், அரசுத் தரப்பு வேலைகளை முடிக்கச் சட்டமே ஒன்பது மாதம் கொடுத்திருந்தது; நடைமுறையில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம்.

பைடன் ஆப்கானிஸ்தானிலிருந்து படை விலக்கலை 2021 ஏப்ரல் 14 அன்று அறிவித்தார். முடிவு தேதி பிறகு ஆகஸ்ட் 31 ஆனது. இடையில் 139 நாள். ஒன்பது மாதம் என்றால் ஏறத்தாழ 270 நாள். அறிவித்த அன்றே விண்ணப்பித்த ஒருவருக்குச் சட்டம் சொன்ன காலத்துக்குள்ளேயே எல்லாம் நடந்திருந்தாலும் கடைசி விமானம் போய்விட்டிருக்கும்! வரிசையில் ஏற்கெனவே நின்றவர்கள் சுமார் 18,000 விண்ணப்பதாரர்கள், குடும்பத்தினர் நீங்கலாக. ஜூனில் கொரோனா பரவித் தூதரகம் நேர்காணலை நிறுத்தியது. ஜூலைத் தொடக்கத்தில் இரண்டு ஓடுபாதை கொண்ட பாக்ராம் விமானப்படைத் தளத்தைக் கைவிட்டார்கள், ஏனென்றால் மிச்சமிருந்த வீரர்கள் தூதரகத்தையும் காபூல் விமான நிலையத்தையும் காக்கவே போதும் என்ற நிலை. ஆகஸ்டில் ஒற்றை ஓடுபாதையில் 1,20,000 பேருக்கு மேல் ஏற்றிச் சென்றார்கள். ஏற்றிச் சென்ற விமானிகளின் உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் விண்ணப்பித்து, கடிதம் எல்லாம் கொடுத்துக் காத்திருந்த பெரும்பாலோர் அந்த விமானங்களில் இல்லை. அவர்களுக்கு விசா சட்டியில் இல்லை. அகப்பையில் எப்படி வரும்?

பிரிட்டனிலும் ஒரு கொடுமை நடந்தது. அங்கே புகலிடம் கேட்ட ஏறத்தாழ 19,000 ஆப்கானியர்களின் விவரப் பட்டியல் 2022 பிப்ரவரியில் பாதுகாப்புத் துறையிலிருந்து தவறுதலாக வெளியே போனது. நீதிமன்றத் தடையால் அது 2025 ஜூலை வரை மக்களுக்குத் தெரியாமலே இருந்தது.

ஆகவே நம் மனு கேட்பது இதுதான். எந்த நாடு படை விலக்கல் தேதியை அறிவித்தாலும், அறிவிப்போடு பிரிவு வாரியான இடைத்தேதிகளை இணைக்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்களையும் குறுகிய காலப் பணியாளர்களையும் சேர்த்த எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், உள்ளூர்ப் பணியாளர்களின் விசா வேலை படை கிளம்பும் நாளுக்கு ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும். வேலைச் சான்றைப் பணியில் சேர்ந்த அன்றே எழுதி, ஒரு படி தூதரகத்திலும் ஒரு படி பணியாளர் கையிலும் இருக்கும்படி செய்ய வேண்டும். மூடிப்போன நிறுவனத்தைத் தேடி யாரும் அலையக் கூடாது.

நாடாளுமன்ற அதிகாரம் பற்றிய நான்காவது செய்திக்குச் செயலாளர் அவர்கள் மணி அடித்துவிட்டார். நீதியரசர் அவர்கள் தம் நிறைவுரையில் அதைத் தொடுவார்கள் என்று நம்புகிறேன். கையெழுத்துத் தாள்கள் வாசலில் இளைஞர் அணித் தோழர்களிடம் இருக்கின்றன. பெயரையும் முழு முகவரியையும் தெளிவாக எழுதுங்கள். முகவரி இல்லாத கையெழுத்தை மனுவில் சேர்க்க முடியாது. நன்றி, வணக்கம்.