இன்னும் இருபத்தெட்டு நாள்

(பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு வெளிநாட்டில் தங்கிவிட்டு, திரும்பிப் போக நான்கு வாரமே இருக்கும் மாணவர்களுக்கான நிறைவு முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்.)

நண்பர்களே, வணக்கம்.

உள்ளே நுழையும்போதே ஒன்றைக் கவனித்தேன். முதல் முகாமில் உங்களைப் பார்த்தபோது ஆளுக்கொரு நாற்காலி இடைவெளி விட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இன்றைக்குப் பாதிப் பேர் தரையில். மூன்று பேர் ஒரே சுவரில் சாய்ந்திருக்கிறீர்கள். பத்து மாதம் என்ன செய்திருக்கிறது என்று நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒரு கேள்வி. போனில் நாள் எண்ணும் செயலி வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள். பரவாயில்லை, நானும் எண்ணியவன்தான். என் காலத்தில் அது சுவர் நாட்காட்டியும் சிவப்புப் பேனாவும். எண்ணுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. "ஐயோ, இருபத்தெட்டு நாள்தானா" என்பவர் ஒருவகை. "அப்பாடா, இருபத்தெட்டு நாள்தான்" என்பவர் இன்னொருவகை. நான் காலையில் முதல் வகையாக எழுந்து, ராத்திரி இரண்டாம் வகையாகப் படுப்பேன். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருப்பது கோளாறு என்று அப்போது நினைத்தேன்.

நார்வேக்காரர் ஒருவர், ஸ்வெர்ரே லிஸ்கோர், வெளிநாட்டில் நாளாக ஆக மனசு எப்படிப் பொருந்துகிறது என்று ஆராய்ந்தார். ஃபுல்பிரைட் என்ற அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரர்களிடம் கேட்டு 1955இல் எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும், பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகவே பொருந்திப் போயிருந்தார்கள். நடுவில் இருந்தவர்கள்தான் தடுமாறினார்கள். கோடாக வரைந்தால் ஆங்கில யூ மாதிரி, நடுவில் ஒரு பள்ளம். நம் ஓராண்டு சரியாக அந்தப் பள்ளத்தில் விழுகிறது, பாருங்கள். ஏறி வரத் தொடங்கும்போது விமானம் வந்து நின்றுவிடுகிறது. இந்தக் கோடு எல்லோருக்கும் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களை வைத்து 1998இல் வந்த ஓர் ஆய்வு, தவிப்பெல்லாம் வந்திறங்கிய நாட்களில்தான் மிக அதிகம் என்றது. ஆக, உங்களுக்கு இப்போது நிம்மதியாக இருந்தாலும் சரி, எரிச்சலாக இருந்தாலும் சரி, எதையும் வளைகோட்டில் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

நான் பேச வந்தது கடைசி மாதத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைப் பற்றி.

ஒரு பட்டியல் போட்டேன். இதுவரை பார்க்காதது, ஏறாதது, படமெடுக்காதது என்று முப்பத்தொரு வரி. தினம் பள்ளி விட்டதும் ஓடுவேன். அதே மாதத்தில் என்னைத் தங்கவைத்திருந்த ஹோஸ்ட் குடும்பத்துத் தம்பி, ஒன்பது வயதுப் பையன், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் ஆயிரம் துண்டுப் படப்புதிர் ஒன்றைப் பரப்பி வைத்திருந்தான். கடலில் ஒரு கப்பல். கப்பலை நாங்கள் இருவரும் சேர்ந்து முடித்தாயிற்று. மிச்சம் இருந்தது வானம், எல்லாத் துண்டும் ஒரே நீலம். "இன்னைக்கு வானம் போடலாமா?" என்று சாயங்காலம் கேட்பான். "நாளைக்கு" என்பேன். பட்டியலில் இருபத்தாறு வரியை அடித்தேன். வானம் அப்படியே கிடந்தது.

நான் திரும்பிப் போய் இரண்டு வாரம் கழித்து ஹோஸ்ட் அம்மா ஒரு படம் அனுப்பினார். வானம் முழுசாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பையனோடு உட்கார்ந்து முடித்துவிட்டானாம். அவனுக்கு என்மேல் கோபம் ஒன்றும் இல்லை. குழந்தைகள் அப்படித்தான். அந்த இருபத்தாறு இடங்களில் நான்கோ ஐந்தோதான் இன்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீல நீலமாக அந்தத் துண்டுகள் மட்டும் எங்கே போனாலும் கூடவே வருகின்றன.

இந்தச் சுற்றிப் பார்க்கும் ஆசை நம்மிடம் தொடங்கியதில்லை. ஏ.எஃப்.எஸ். அமைப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் தொடங்கியது அது. இரண்டாம் போரிலும் வண்டி ஓட்டினார்கள். அது முடிந்ததும், செத்தவர்களையும் காயம்பட்டவர்களையும் சுமந்து அலுத்துப்போய், பள்ளி மாணவர்களை நாடு மாற்றித் தங்கவைக்கலாம் என்று முடிவு செய்து 1947இல் ஆரம்பித்தார்கள். பல வருடம் அவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அமெரிக்காவில் ஆண்டு முடிந்ததும் வெளிநாட்டு மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி நாட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு அனுப்புவார்கள். வழியில் வாஷிங்டன். 1963 ஜூலையில் ஜனாதிபதி கென்னடியே வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அவர்களைச் சந்தித்துப் பேசினார். ஆனால் அந்தப் பயணத்திலும் ஊருக்கு ஊர் இரவு தங்கியது குடும்பங்களின் வீடுகளில்தான். ஊர் சுற்றுவதற்கு நடுவிலும் யாரோ ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நான் அதை விட்டுவிட்டுத்தான் பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

அப்புறம் இன்னொன்று. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உங்களில் சிலர் இப்போது இதற்குள்தான் இருப்பீர்கள். கடைசி வாரங்களில் சண்டை வரும். எனக்கு வந்தது ஒரு ஈரத்துண்டால். கட்டிலில் போட்டுவிட்டேன், ஹோஸ்ட் அம்மா எடுத்துக் கொடியில் போடச் சொன்னார். பத்து மாதத்தில் நூறு தடவை சொல்லியிருப்பார். அன்றைக்கு மட்டும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னும் மூன்று வாரம்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. துண்டை அவரே எடுத்துக்கொண்டு போனார். பிரிவது கஷ்டம் என்று தெரிந்த மனசு, முன்கூட்டியே ஒரு கோபத்தைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. கோபத்தோடு கிளம்பினால் சுலபம் அல்லவா? அவருக்கும் அதே கஷ்டம் இருந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்க இரண்டு நாள் ஆயிற்று. நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள், கையில் இருப்பதே இருபத்தெட்டு.

நடைமுறை விஷயங்களைச் சட்டென்று சொல்லி முடிக்கிறேன். பள்ளியிலிருந்து வாங்க வேண்டிய மதிப்பெண் சான்றிதழை இந்த வாரமே கேளுங்கள், விடுமுறை தொடங்கிவிட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. வங்கிக் கணக்கை மூடுமுன், யாராவது பணம் திருப்பித் தர வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே வாங்கிய போன் எண்ணுக்கு ஓடிபி வரும்படி எதையெல்லாம் வைத்திருக்கிறீர்களோ, அதையெல்லாம் சிம் உயிரோடு இருக்கும்போதே மாற்றுங்கள். பெட்டியை எடை போட்டுப் பாருங்கள். பல விமானங்களில் 23 கிலோதான். வந்ததிலிருந்து சேர்த்த காகிதங்களே ஐந்து கிலோ இருக்கும்.

காகிதம் என்றதும் ஒரு நோட்டு ஞாபகம் வருகிறது. புதிய சொல் கேட்டால் எழுதி வைக்க ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். முதல் மாதம் நாளுக்கு நான்கு பக்கம். ஆறாம் மாதம் வாரத்துக்கு ஒரு பக்கம். கடைசி இரண்டு மாதம் வெறும் தாள். சோம்பேறி ஆகிவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையில், எது புதுச் சொல் என்று கண்டுபிடிக்கத் தெரியாமல் போயிருந்தது. அதற்கு விலையும் கொடுத்தேன். அம்மாவிடம் போனில் பேசும்போது 'சல்லடை' என்ற சொல் வரவில்லை. "அந்த ஓட்டை ஓட்டையா இருக்குமே, சலிப்பாங்களே, அது" என்றேன். அம்மா சிரித்தார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

இந்தத் திட்டங்கள் எல்லாமே திரும்பி வருவதை வைத்துத்தான் கட்டப்பட்டவை. பரிமாற்றத் திட்டங்களுக்கென்று அமெரிக்கா தருகிற ஜே-1 விசாவில் போகிற பலருக்கு, சொந்த நாட்டில் இரண்டு வருடம் இருந்த பிறகே அங்கே குடியேற விண்ணப்பிக்க முடியும் என்று விதியே இருக்கிறது. போனவர் திரும்பாவிட்டால் அது பரிமாற்றமே இல்லை. ஆனால் திரும்பும் இடம் எப்படி இருக்கும் என்று யாரும் பாடம் எடுப்பதில்லை. குல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதியர் 1963இல் இதைப் பற்றி எழுதினார்கள். வெளிநாட்டில் ஒரு பள்ளம் என்றால் வீடு திரும்பியதும் இன்னொரு பள்ளம், இரண்டையும் சேர்த்தால் கோடு ஆங்கில டபிள்யூ மாதிரி இருக்கும் என்றார்கள். இரண்டாம் பள்ளம் ஏன் வலிக்கிறதென்றால், அதை நாம் எதிர்பார்ப்பதில்லை. வீட்டுக்குத்தானே போகிறோம்!

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். திரும்பியதும் இரண்டு நாள் மூச்சு விடாமல் பேசினேன். பனி, பள்ளி, நண்பர்கள், எல்லாம். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டவர்கள் இரண்டு நிமிஷத்துக்குப் பிறகு கண்ணை வேறு பக்கம் திருப்புவதைக்கூட நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் தாத்தா சட்டையைக் கழற்றியபோது நெஞ்சில் நேராக ஒரு தழும்பு. அறுவை சிகிச்சை நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான் அங்கே கவலைப்படுவேன் என்று யாரும் சொல்லவில்லை. வாரா வாரம் போனில் பேசிய அதே தாத்தா. பின்னால் கணக்குப் பார்த்தேன். அவர் மருத்துவமனையில் இருந்த வாரம், "தாத்தா தூங்கறாரு" என்றார் அம்மா. நானும் சரி என்று போனை வைத்திருந்தேன்.

அந்த இரண்டு நாளில் ஒரு தடவையாவது "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்டிருக்கலாம். அவர்களுக்கும் அது முழுசாக ஒரு வருடம்தான். நீங்கள் விமானத்திலிருந்து இறங்கியதும் அதைக் கேளுங்கள். உங்கள் கதைக்கு இரண்டு நிமிஷப் பதில் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கேட்கக்கூடிய ஒரே ஒருவரைக் கண்டுபிடித்தால் போதும். பெரும்பாலும் அது உங்களைப் போலப் போய்வந்த யாராவதாக இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், இப்போது சாய்ந்திருக்கும் அந்த மூன்று பேரும் ஒருவர் எண்ணை ஒருவர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவர்கள் மொழியிலேயே நான்கு வாக்கியம் எழுதி, குளியலறைக் கண்ணாடி முன்னால் மனப்பாடம் செய்திருந்தேன். கூடத்துக்கு வந்தேன். ஹோஸ்ட் அம்மா தலையை நிமிர்த்தி, பத்து மாதமாகத் தினம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்: "மாடி விளக்கை அணைத்தாயா?" அணைத்தேன் என்றேன். அணைக்கவில்லை. திரும்ப மேலே போய் அணைத்துவிட்டு இறங்கி வந்தபோது அந்த நான்கு வாக்கியமும் மறந்துவிட்டன. சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கதவோரம் வரிசையாக நான்கு ஆணி இருக்கும், மூன்றாவது என்னுடையது. அதிலேயே மாட்டிவிட்டு வந்து, "காலையில் சீக்கிரம் எழ வேண்டும், போய்ப் படு" என்றார்.